ஆறடி எட்டங்குலத்தில் ஓர் ஓட்டை

என் இடது நுரையீரல் சுருங்கிக் கிடப்பதை முதலில் கண்டுபிடித்தவர் செல்வி அக்கா. அவர் டாக்டர் கிடையாது. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடியில் பிளவுஸ் தைக்கிறார்.

சித்தி மகளின் கல்யாணத்துக்குப் புடவை கட்டியே ஆக வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றதால் அளவு கொடுக்கப் போயிருந்தேன். நான் ஆறடி எட்டங்குலம். எனக்குத் தோள் அளவு எடுக்க அக்கா பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அது வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான்.

"மூச்ச நல்லா இழுத்துப் புடிம்மா ஸ்டெல்லா."

இழுத்தேன்.

"இழுங்கிறேன்ல?"

"இழுத்துட்டேங்கா."

"டேப்பு அசையவே இல்லையே. போன வருஷம் நல்லா விரிஞ்சுச்சே."

இன்னொரு முறை முயன்றேன். இடது தோளுக்குப் பின்னால் சுருக்கென்று ஒரு வலி. கண் இருட்டியது. அக்கா ஸ்டூலிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பிளவுஸ் எங்கயும் ஓடிடாது. நீ டாக்சி புடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. நீ நடிக்கிறன்னு நெனச்சேன், உதடெல்லாம் வெளுத்துப் போச்சு லா!"

போனேன். பதினோரு நாள் கழித்துத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அந்தப் பதினோரு நாளில் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் நான் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. என்னைப் போல ஒல்லியாகவும் நெட்டையாகவும் வளர்ந்த யாராவது இதைப் படித்துவிட்டு, தோள்பட்டை வலியைச் சும்மா தைலம் தேய்த்து ஓட்டாமல் இருந்தால் நல்லது.

நான் கூடைப்பந்து ஆடிச் சம்பாதிக்கிறவள். உட்லண்ட்ஸில் பத்தாவது மாடி வீட்டில் வளர்ந்தேன். தொடக்கப்பள்ளி முடிக்கும்போதே அப்பாவைவிட உயரம். உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்துக் குழுவில் மற்ற எல்லோரும் சீனப் பெண்கள், பயிற்றுநர் மாண்டரினில்தான் கத்துவார். 'தியாவ்' என்றால் குதி என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே இரண்டு வருஷம் தள்ளினேன். அப்புறம் தாய்லாந்து, தைவான், கடைசியாகப் போலந்தில் ஒரு சின்ன ஊர். அங்கே வளையத்துக்கடியில் நிற்கும் சென்டர் நான். நாலு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு பந்தைப் பிடிப்பது வேலை. குளிர்காலம் முழுக்க அங்கே, சீசன் முடிந்தால் சிங்கப்பூர்.

இந்த முறை சீசன் முடிந்து வந்தபோது ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. வயது இருபத்தொன்பது. சென்டர் ஆட்டக்காரிகளுக்கு முழங்கால் முதலில் பழுதாகும் என்பார்கள். நானும் முழங்காலையே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுரையீரலைப் பற்றி யார் நினைத்தார்கள்?

இங்கே என் மடத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். தேக்காவுக்குப் போவதற்குப் பத்து நாள் முன்பே தோள் வலிக்கிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். எடுக்க வந்த பெண் என்னைப் பார்த்ததும் பலகையை உயர்த்திக்கொண்டே போனார். அதைப் பார்த்ததும் என் முழங்கால் தானாக மடங்கிவிட்டது.

உயரமானவர்களுக்கு இது புரியும். குடும்பப் படமோ, பள்ளிக்கூடப் படமோ, தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய படமோ, எல்லாவற்றிலும் நான் முழங்காலை மடக்கித் தோளைக் குறுக்கித்தான் நிற்கிறேன். கேமராவைக் கண்டால் குனிவது எனக்குப் பழக்கம். "நேரா நில்லுங்க மிஸ்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். அவர் போனதும் பாவம் அவருக்கு ஏன் சிரமம் என்று நான் மறுபடி குனிந்துகொண்டேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி உள்ளேயிருந்து குரல் வந்தது. இழுத்தபோது வலித்தது, வலித்ததும் சட்டென்று நிமிர்ந்தேன். படத்தில் நுரையீரலின் உச்சி விழவில்லை.

மறுநாள் அறிக்கை போனில் வந்தது. 'படத்தில் தெரியும் பகுதிகளில் குறை இல்லை' என்றிருந்தது. அதோடு போனை மூடினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்ததை மருத்துவமனையில் படுத்துக்கொண்டுதான் படித்தேன். 'மேல்நுனி படத்தில் இல்லை, வலி இருந்தால் மறுபடி எடுக்கவும்.' இடையில் பத்து நாள் ஓட்டப் பயிற்சி, பந்துப் பயிற்சி, படிக்கட்டுப் பயிற்சி எல்லாம் செய்திருந்தேன். மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் என்னை ஒழுங்காக நிற்க வைத்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு படம் எடுத்தார்கள். என் நெஞ்சு ஒரு படத்துக்குள் அடங்காது என்று அன்றுதான் தெரிந்தது. டாக்டர் வீ இளைஞர், என் தோளுக்குத்தான் வருவார். திரையைக் காட்டி விளக்கினார். வலதுபக்கம் நுரையீரல் நிறைந்திருந்தது. இடதுபக்கம் அது கசங்கிய பிளாஸ்டிக் பை மாதிரி நடுவில் ஒண்டிக் கிடந்தது. சுற்றிலும் வெறும் கறுப்பு.

அதற்குப் பெயர் நியூமோதோராக்ஸ். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. மெலிந்து உயரமாக வளர்கிற சிலருக்கு நுரையீரலின் உச்சியில் சின்னக் கொப்புளங்கள் உண்டாகும். அதில் ஒன்று உடைந்தால் காற்று கசிந்து, நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே சேரும். காற்று சேரச் சேர நுரையீரல் விரிய இடமில்லாமல் சுருங்கும். புகை பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை, யாரும் இடித்திருக்க வேண்டும் என்பதுமில்லை. உயரமாக இருந்தாலே போதும். எனக்குச் சோறு போட்ட உயரம்தான் என்னைப் படுக்கவும் வைத்தது.

"நான் எப்ப ஆடலாம்?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

"முதலில் மூச்சு விடுங்கள்" என்றார் டாக்டர் வீ. "விமானத்தில் ஏறக் கூடாது. மேலே காற்றழுத்தம் குறையும், உள்ளே மாட்டியிருக்கும் காற்று இன்னும் விரியும். நுரையீரல் முழுசாக நிமிர்ந்த பிறகும் சில வாரம் பொறுக்க வேண்டும்."

கிளப் மேனேஜர் அனியாவுக்கு அன்றே போன் செய்தேன். அவள் நல்லவள், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறவள். ஆட்டக்காரிகளின் பெயரைப் பதிவு செய்யக் கடைசி நாள் ஒன்று உண்டு. அதற்குள் டாக்டர் கையெழுத்தோடு நான் வந்து நின்றால் இடம் என்னுடையது. இல்லாவிட்டால் வேறு சென்டரை எடுக்க வேண்டியதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடையில் எட்டு வாரம் இருந்தது.

விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயைச் செருகினார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள் என்றாலும், யாரோ உள்ளே கைவிட்டுத் துழாவுவதுபோல இருந்தது. கொஞ்சம் அழுதேன். குழாயின் மறுமுனை தரையில் வைத்த ஒரு பெட்டியில் தண்ணீருக்குள் இருந்தது. நெஞ்சில் சேர்ந்த காற்று குமிழி குமிழியாக அதில் வெளியேறும், திரும்பி உள்ளே போகாது. குமிழி நின்றால் ஓட்டை அடைபட்டதாக அர்த்தம்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்துக்குத் தொலைக்காட்சி அந்தப் பெட்டிதான். அப்பா சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை செய்கிறார். பந்தயக் குதிரைகளைக்கூட ஏற்றி அனுப்பியிருக்கிறார். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு தண்ணீரையே பார்ப்பார். நான் இருமினால் குமிழி வரும். பேசினால் வரும். சிரித்தால் கொத்தாக வரும். "பேசாத, லீக் ஆகுது" என்பார் அப்பா.

மூன்றாம் நாள் மத்தியானம் திடீரென்று எழுந்து கத்தினார். "நின்னுடுச்சு! நின்னுடுச்சு! இரும்மா... இருமு பாப்போம்!"

இருமினேன். குமிழி இல்லை. எதிர்க் கட்டில் சீன ஆன்ட்டி கைதட்டினார். அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். தாதி புவனா ஓடி வந்தார். மலேசியாவின் ஜோகூரில் வீடு, தினமும் விடியுமுன் காஸ்வே பாலத்தைத் தாண்டி வேலைக்கு வருகிறவர். எதற்கும் அசர மாட்டார். பெட்டியைப் பார்த்தார், குழாயைக் கையால் தடவிக்கொண்டே வந்தார், கடைசியில் அப்பாவின் காலடியில் வந்து நின்றார்.

"அங்கிள், கொஞ்சம் கால எடுக்கிறீங்களா?"

அப்பா தன் பூட்ஸை நகர்த்தினார். கொளகொளவென்று குமிழி வந்தது. அப்பா அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து பூட்ஸைக் கட்டிலுக்கு அந்தப்பக்கம் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தார்.

கட்டிலும் எனக்குப் போதவில்லை. கால்மாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு ஒரு மேசையை ஒட்டிப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்தார் புவனா. அப்படியும் பாதம் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பங்குக் கோயில் பெண்கள் பார்க்க வந்தபோது முதலில் என் பாதத்தைத்தான் பார்த்தார்கள். ஏசி குளிரில் அது விறைத்துக் கிடந்தது. மறுநாள் ஒருவர் குழந்தைப் போர்வை இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கொண்டுவந்து பாதத்தில் சுற்றிவிட்டார். வரும்போதெல்லாம் ரசம், இடியாப்பம், மீன் சொதி. குழாய் செருகிய ஆளுக்குப் பத்தியம் எதுவுமில்லை என்று டாக்டர் சொன்னதை அவர்கள் மிகவும் சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள்.

பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளப்பின் காப்புறுதி, ஆடும்போது பட்ட காயத்துக்கு மட்டும்தான் கொடுக்குமாம். எங்கே நடந்தது என்று மின்னஞ்சலில் கேட்டார்கள். தையல் கடையில் என்று உண்மையை எழுதினேன். அதற்குப் பிறகு பதில் இல்லை. அரசாங்க மருத்துவச் சேமிப்பான மெடிசேவும் அப்பாவும் பார்த்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாளும் குமிழி நிற்கவில்லை. டாக்டர் வீ கட்டிலோரம் உட்கார்ந்து இரண்டு வழி சொன்னார். தானாக மூடும் என்று இன்னும் காத்திருக்கலாம். மூடினாலும் மறுபடி உடைய நிறையவே வாய்ப்பிருக்கிறது. அல்லது அறுவை செய்யலாம். மூன்று சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, கொப்புளம் உள்ள நுனியை வெட்டித் தைத்துவிடுவார்கள். நெஞ்சின் உள்சுவரை உரசிப் புண்ணாக்கிவிட்டால், புண் ஆறும்போது நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அது சுருங்குவது கஷ்டம். ஆனால் தேற நாளாகும். எட்டு வாரத்துக்குள் என்று அவரால் வாக்குக் கொடுக்க முடியாது.

அவர் போனதும் அம்மா திரைச்சீலையை இழுத்து மூடினார். அம்மா முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முறையாகச் செய்கிறவர்.

"ஸ்டெல்லா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாத."

"சொல்லுங்கம்மா."

"இது என்னாலதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா அழ ஆரம்பித்தார். எங்கள் கோயிலில் வாரந்தோறும் மாதாவுக்கு நவநாள் நடக்கும். வேண்டுதலைக் கடிதமாக எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒன்பது வாரம் விடாமல் செய்தால் கேட்டது கிடைக்கும் என்று நம்பிக்கை. அம்மா ஒன்பது வாரமும் ஒரே கடிதத்தை எழுதிப் போட்டிருக்கிறார். என் மகள் வெளிநாட்டில் அடிபட்டது போதும், விளையாட்டை விட்டுவிட்டு வீட்டோடு வந்து இருக்க வேண்டும். ஒன்பதாவது கடிதம் போட்ட அந்த வாரமே நான் தேக்காவில் மூச்சு முட்டி நின்றிருக்கிறேன்.

"வீட்டுக்கு வரணும்னுதான் கேட்டேன். இப்படி வரணும்னா கேட்டேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. விலாவில் குழாய் குத்தியது, பெட்டியில் குமிழி பொங்கியது, வலியில் கத்திக்கொண்டே சிரித்தேன். அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தார். அப்புறம் நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். எட்டு வருஷம் நான் ஆடியதில் ஓர் ஆட்டத்தைக்கூட அம்மா முழுசாகப் பார்த்ததில்லை. யாராவது என்மேல் மோதினால் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார். அது பயம் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வாரம் வரிசையில் நின்று கடிதம் போடுகிற அளவு பயம் என்று தெரியாது. அம்மாவின் மேல் பாவமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது.

"கொப்புளம் ரொம்ப நாளா இருந்திருக்கும்மா. உங்க லெட்டருக்கு முன்னாடியே."

"அது டாக்டர் சொல்றது."

"ஆபரேஷன் பண்ணிக்கிறேன். பண்ணிட்டு ஆடப் போறேன்."

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் காலை வரும்போது கையில் ஒரு தாள் கொண்டுவந்தார். பிழை இருக்கிறதா பார் என்று நீட்டினார். மேலே கோடு போட்டு எழுதியிருந்தார். 'பொருள்: முந்தைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுதல்.' அதன் கீழே: 'அன்புள்ள மாதாவே, கடந்த ஒன்பது வாரங்களாக நான் சமர்ப்பித்த விண்ணப்பத்தைத் தயவுசெய்து கருத்தில் கொள்ள வேண்டாம். என் மகள் ஸ்டெல்லா குணமடைந்தால் போதும். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள...'

"ஆடறதப் பத்தி ஒண்ணுமே எழுதலையேம்மா?"

"அத நான் இன்னும் யோசிக்கணும்" என்று தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

அறுவைக்குப் போகும்போது பயமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தள்ளுகட்டிலிலும் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், லிப்ட் கதவு இடிக்காமல் அப்பா என் இரண்டு பாதத்தையும் கையில் ஏந்திக்கொண்டு அறுவைக்கூடத்தின் வாசல் வரை பக்கவாட்டில் நடந்து வந்தார். அவர் உள்ளங்கை சூடாக இருந்தது. கதவருகே விடும்போது, "கவலப்படாத, ப்ளைட்டு இல்லைன்னா கப்பல்ல போலாம். போலந்துக்கு எத்தன நாளுன்னு விசாரிச்சுட்டேன்" என்றார்.

கண் விழித்தபோது விலாவில் தீ வைத்த மாதிரி எரிந்தது. புவனா ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்தார். உள்ளே மூன்று பந்து. மூச்சை உறிஞ்சினால் ஒவ்வொன்றாக மேலே ஏறும். முதல் நாள் ஒன்றுகூட அசையவில்லை. வாழ்க்கை முழுக்கப் பந்தோடு இருந்தவளுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? "மேட்சா இது? மெதுவா இழுங்க" என்றார் புவனா. இரண்டாம் நாள் ஒரு பந்து, நான்காம் நாள் மூன்றும் ஏறின. பெட்டியில் தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. அப்பா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அது வெறுங்காலாக, எட்டத்தில் இருந்தது. குழாயைக் கழற்றினார்கள், மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன்பின் வந்த வாரங்களில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடந்தேன், பிறகு காஸ்வே தெரியும் கடலோரப் பூங்கா வரை நடந்தேன், பிறகு ஓடினேன். ஏழாவது வாரத்தில் டாக்டர் வீயின் அறைக்கு நானும் அம்மாவும் போனோம். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை முடிந்திருந்தது, எக்ஸ்ரேக்கள் இரண்டும் திரையில் இருந்தன. இடதுபக்கம் நிறைந்திருந்தது. போலந்திலிருந்து வந்த படிவம் மேசைமேல் கிடந்தது.

"என் பக்கத்தில் தடை எதுவும் இல்லை" என்றார் டாக்டர்.

அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "டாக்டர், லெப்ட் சைடு சரி. ரைட் சைடு?"

டாக்டர் திரையில் வலதுபக்கத்தைக் காட்டினார். "அதிலும் கொப்புளம் இருக்கலாம். உடையவே உடையாது என்று என்னால் சொல்ல முடியாது. வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் உடையலாம்."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போயிருக்க மாட்டேன் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"வீட்டுல இருந்தாலும் உடையுமா?"

"உடையலாம்."

அம்மா கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தார். "அப்ப சைன் போடுங்க டாக்டர். தேதி போட மறந்துடாதீங்க, இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

பதிவு முடிய நான்கு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். இன்று இங்கே ஓய்வு நாள், ஜன்னலுக்கு வெளியே பனி. முதல் ஆட்டம் போன வாரம் முடிந்தது. இரண்டாவது கால்பகுதியில்தான் என்னை இறக்கினார்கள். மூன்றாவது பந்துக்காக எழும்பியபோது எதிரணிப் பெண்ணின் முழங்கை சரியாகத் தையல் போட்ட இடத்தில் இறங்கியது. கீழே விழுந்தேன். மூச்சு நின்றுவிட்டது. இழுக்கிறேன், வரவில்லை. மேலே விளக்குகள் மட்டும் தெரிந்தன. சிங்கப்பூரில் அம்மா இந்நேரம் தொலைக்காட்சியை அணைத்திருப்பார் என்று நினைத்தேன்.

பிறகு மூச்சு வந்தது. இடதுபக்கம், அடிவரைக்கும், நிறைய வந்தது. அந்தப் பெண் பயந்துபோய்க் கை நீட்டினாள். அதைப் பிடித்து எழுந்தேன். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் போனைப் பார்த்தபோது அம்மாவின் குறுஞ்செய்தி ஒன்று கிடந்தது. நான் விழுந்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் கழித்து அனுப்பியிருந்தார்.

'பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுந்திரு.'